13 வயது மகளோடு பேச மொழி போதவில்லை, வழி சொல்லுங்கள்

கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். நான் 2009இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், மகள் இங்கேயே பிறந்தவள், எட்டாம் வகுப்பு. "சாப்பிட்டியா, குளிச்சியா, ஜாக்கெட்டைப் போடு" என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சே இல்லை.

செப்டம்பரிலிருந்துதான் மோசம். பள்ளியால் வந்ததும் அறைக் கதவைச் சாத்திவிடுகிறாள். நவம்பரில் ஆசிரியரைப் பார்க்கப் போனபோது எனக்கு மொழிபெயர்த்ததே அவள்தான். ஆசிரியர் ஐந்து நிமிடம் கவலையான முகத்தோடு பேசினார், இவள் "கணக்கில கொஞ்சம் கவனம் வேணுமாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். (அடுத்த முறைக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டிருக்கிறேன்.)

வீட்டில் தமிழ் மட்டும் என்று சட்டம் போட்டுப் பார்த்தேன், மூன்று நாள் வாயே திறக்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு வருடம் போனாள். ஆத்திசூடி சொல்வாள், ஆனால் மனசு சரியில்லை என்று சொல்லத் தெரியாது. செயலியில் மொழிபெயர்த்தும் பார்த்தாயிற்று. ஒருநாள் "ஐ ஃபீல் ப்ளூ" என்று அனுப்பியிருந்தாள், அது "நான் நீலமாக உணர்கிறேன்" என்று காட்ட, ஏதோ உடுப்பைப் பற்றிச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். மனசு சரியில்லை என்பதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

லிங்க் (கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான மொழி வகுப்பு) வகுப்பில் ஆங்கிலம் 4ஆம் நிலை வரை படித்தேன். கடையில், பஸ்ஸில் சமாளிப்பேன், மகளிடம் வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கணவருக்கு இரவு வேலை, அதனால் நான்தான் பேச வேண்டும்.

பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பிள்ளையோடு மனம்விட்டுப் பேசத் தொடங்கிய அம்மாக்கள் இருந்தால், முதல் பேச்சை எதில் தொடங்கினீர்கள்?