எஸ்டி-வேன் (பல இன்டர்நெட் லைனை ஒரு பெட்டி சேர்த்து கிளையைத் தலைமை அலுவலகத்தோட இணைக்கிற முறை): லைட்டெல்லாம் பச்சை, வேலை மட்டும் ஓடலை. உங்க கிளையில் என்ன நடந்துச்சு?

கிளைக்கம்பி:
எம்பிஎல்எஸ்ஸைக் (தனி வாடகை லைன்) கழட்டியாச்சு. அதுக்குப் பதிலா ரெண்டு பிராட்பேண்ட், ஒரு 4ஜி சிம். டனல் (இன்டர்நெட்டுக்குள்ள பூட்டின பாதை) மூணும் பச்சை. பிங் போகுது, லாகின் பக்கம் வருது. தலைமை அலுவலக ஷேரில் எக்செல் ஃபைலைத் திறந்தா மட்டும் வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. காரணம் எம்டியுதான் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு). பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு இணையுற பிராட்பேண்ட்) லைனில் 1492 பைட். டனலைப் பூட்டுற ஐபிசெக் உறை அதில் 60, 80 பைட் தின்னுடும். பெரிய பாக்கெட் வழியிலேயே விழும். அதைச் சொல்லவேண்டிய ஐசிஎம்பி தகவலை நடுவில் ஏதோ ஃபயர்வால் முழுங்கிடும். கிளை பிசியிலிருந்து சர்வருக்கு பிங் -எஃப் -எல் 1472 (உடைக்காம 1472 பைட் அனுப்பு) அடிச்சு, பதில் வர்ற வரைக்கும் குறைக்கணும். 1372-இல் வந்துச்சு. பிங்கின் தலைப்பு 28 கூட்டினா 1400, அதில் ஐபி, டிசிபி தலைப்பு 40 போனா எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போற டேட்டா அளவு) 1360. டனலில் போட்டதும் ஃபைல் திறந்துச்சு.

பாக்கெட்பாண்டி:
அண்ணே, எம்டியு ஒரு தடவை சரிபண்ணினா தீர்ந்துச்சு. நொண்டுற லைன்தான் உயிரை வாங்கும். தினம் சாயங்காலம் 20 நிமிஷம் 3% பாக்கெட் லாஸ். ஃபோனில் எதிர்முனை பேசுறது பாதி பாதியா வருது. பக்கத்து லைன் சும்மா கிடக்கு, மாறவே இல்லை. எங்க பெட்டியில் லைன் அறுந்தா 7 ஹலோ (விநாடிக்கு ஒண்ணா போற சோதனை பாக்கெட்) தவறி 7 விநாடியில் மாறிடும். நொண்டினா கணக்கே வேற: 10 நிமிஷத்துக்கு ஒரு அளவு, 6 அளவின் சராசரி. மூணு, மூணு, மிச்சம் நாலும் பூஜ்யம். சராசரி 1%. எஸ்எல்ஏ வரம்பும் (இதைத் தாண்டினாத்தான் லைன் மாறும்) 1%. எங்கே தாண்டும்? 2 நிமிஷம், 5 அளவுன்னு சுருக்கினதும் நாலாவது நிமிஷமே மாறிடுச்சு. ரொம்பவும் சுருக்காதீங்க. 30 விநாடி, 2 அளவுன்னா மொத்தம் 60 ஹலோதான். ஒண்ணு தொலைஞ்சாலே 1.7%, லைன் ஊஞ்சலாடும்.

பழைய மோடம்:
பாண்டி, சாயங்காலம் மட்டும் லாஸ்னா முதல்ல அப்லோடைப் பார்த்தீங்களா? 100 எம்பிபிஎஸ் டவுன், 20 அப் லைனில் பெட்டி அப்லோடும் 100 இருக்குன்னே நம்பிக்கிட்டிருக்கும். பேக்கப் ஓடும்போது வரிசை மோடத்துக்குள்ள சேரும்; அங்கே க்யூஓஎஸ் (எது முதல்ல போகணும்ங்கிற முன்னுரிமை) கிடையாது, வாய்ஸும் பேக்கப்பும் ஒண்ணுதான். பெட்டியில் ஷேப்பரை (அனுப்புற வேக வரம்பு) 18-இல் வையுங்க. அடுத்து யாராவது எஃப்இசி (தொலைஞ்சதை மீட்க கூடுதல் பாக்கெட் அனுப்புறது) போடச் சொல்வாங்க. 4 பாக்கெட்டுக்கு 1 கூடுதல்னா 25% சுமை. நிரம்பின லைனில் அது எரியிற தீயில் எண்ணெய்.

கேட்காமலே இன்னொண்ணு. ரெண்டு கம்பெனி லைன் இருக்குன்னு தூங்காதீங்க, மாடியேறிப் பாருங்க. ரெண்டு ஃபைபரும் ஒரே குழியில் வந்தா ஒரு ஜேசிபி போதும். அப்புறம் 4ஜிதான் கதி. பெட்டியின் இன்டர்நெட் பக்க ஐபி முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள்ள இருந்தா சிஜிநாட் (பல பேருக்கு ஒரே பொது முகவரியைப் பங்குபோடுறது). ரெண்டு கிளையும் அப்படின்னா நேர் டனல் பெரும்பாலும் எழாது. தலைமை அலுவலகம் வழியா சுத்துற பாதையை முன்னாடியே போட்டு வையுங்க.

நடுராத்திரி:
மின்வெட்டு முடிஞ்சு பெட்டி எழுந்துச்சு. லிங்க் பச்சை, கன்ட்ரோலர் (பெட்டிகளை நடத்துற மைய சர்வர்) சேர்த்துக்கலை. லாக்கில் ஒரே வரி: சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை. பெட்டியின் தேதி பல வருஷம் பின்னாடி. நேரம் சொல்ற என்டிபி சர்வரோ டனலுக்கு உள்ளே. நேரம் இல்லாம டனல் வராது, டனல் இல்லாம நேரம் வராது. கன்சோல் கேபிள் மாட்டி கையால தேதி அடிச்சு, என்டிபியை நேரா இன்டர்நெட் வழியா மாத்தணும்.