சிரிக்கும் கூட்டத்தை எப்படிக் கையாளுகிறீர்கள்?
ஆசிரியத் தோழர்களே, ஒரு யோசனை தேவை. 6 முதல் 8ஆம் வகுப்புவரை பட்டப்பெயர் வைப்பது, டிபன் பாக்ஸைப் பிடுங்குவது, விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவது எல்லாம் பெரும்பாலும் கோபத்தில் நடப்பதில்லை; வகுப்பில் கெத்து காட்டத்தான். கூட நின்று சிரிக்கும் நாலு பேர்தான் அதற்குக் கூலி. பள்ளிகளில் இப்படிச் சீண்டுவதைத் தடுக்கும் பின்லாந்தின் கிவா திட்டம் வேடிக்கை பார்ப்பவர்களை மாற்ற முயல்வது இதனால்தான்.

சீண்டிய பிள்ளையையும் சீண்டப்பட்ட பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்தி, "கை கொடுத்துக்கோங்க" என்பது இங்கே வழக்கம். தயவுசெய்து வேண்டாம். பலம் சமமில்லாத இடத்தில் அடிபட்ட பிள்ளை வாயே திறக்காது. பள்ளி விட்டதும் பழிவாங்கலும் வரலாம். தனித்தனியே பேசி, ஒரு வாரம் கழித்து மறுபடி விசாரிக்க வேண்டும்.

சிக்கல் இதுதான்: 50 பேர் உள்ள வகுப்பில், புகார் சொன்னது யாரென்று வெளியே தெரியவிடாமல், அந்த நாலு பேரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குகிறீர்கள்? பள்ளி வேனில் நடப்பதை யார் கவனிக்கிறார்கள்? செய்து பார்த்ததை எழுதுங்கள்.