நைட் ட்யூட்டியில் காலை 5 முதல் 7 வரை: வார்டில் எரிச்சலும் பொய் சார்ட்டும்

கொழிஞ்சாம்பாறை, வார்டு இன்சார்ஜ்:
ரத்த சாம்பிள், பிரஷர், இன்சுலின், ஆன்டிபயாட்டிக், இன்டேக்-அவுட்புட் (உடம்புக்குள் போன, வெளியே வந்த திரவ அளவு) கூட்டல் எல்லாம் வந்து குவிவது இந்த 2 மணி நேரத்தில்தான். ஒருத்தர் கையில் 20 பேஷண்ட் என்றால், ஒவ்வொருவருக்கும் முழு நிமிஷம் மூச்சு எண்ண நேரம் ஏது? எல்லோருக்கும் 20 என்று விழும். சார்ட்டில் வரிசையாக மூச்சு 20-ம் டெம்பரேச்சர் 98.6-ம் நின்றால் யாரும் எண்ணவில்லை. நோயாளி மோசமாகிறார் என்று முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் மூச்சு வேகமும் ஒன்று, அதையே தவறவிடுகிறோம்.

திட்டினால் மறுநாள் 18, 22 என்று மாற்றி எழுதுவார்கள். அதனால் வேலையை நகர்த்துங்கள். ரெகுலர் இன்சுலின் நகராது, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போயாக வேண்டும். தினம் 2, 3 வேளை போடும் ஆன்டிபயாட்டிக்குக்குப் பொதுவாக 1 மணி நேரம் முன்பின் இடமுண்டு. கூட்டல் கணக்கை மூடும் நேரத்தை 4 மணிக்கு மாற்றலாம். முடியாமல் போனதை, ‘எடுக்கவில்லை, 5.40, அவசர கேஸ்’ என்று எழுத விடுங்கள். அதற்கு மெமோ கொடுக்கும் வார்டில் உண்மை சார்ட் வரவே வராது.

கோபாலபுரம், ஸ்டாஃப் நர்ஸ்:
சரியாச் சொன்னீங்க அக்கா. ரிலீஃப், அதாவது அடுத்த ஷிப்ட் ஆள் வர்ற தாமதத்தையும் சேர்த்துக்கோங்க. பொள்ளாச்சி பஸ் தவறினா, ராத்திரி முழுக்க நின்னவங்க கோபத்துல ஹேண்டோவரை (பேஷண்டை அடுத்தவங்ககிட்ட ஒப்படைக்கிறதை) அஞ்சு வரில முடிச்சிடுவாங்க. ஓடிட்டிருக்கிற டிரிப், நிறுத்தின மருந்து, வர வேண்டிய ரிப்போர்ட் எல்லாம் விட்டுப்போகும். கட்டில் பக்கத்துல நின்னு ஒப்படைச்சா, டிரிப் வேகத்தையும் ஊசி போட்ட இடத்தையும் ரெண்டு பேரும் பார்த்திடலாம். ஜூனியரோட தவறை மட்டும் அங்க பேசாதீங்க. பேஷண்ட் முன்னாடி அவமானப்பட்ட பொண்ணு அடுத்த தடவை டோஸ்ல சந்தேகம் வந்தாலும் கேக்க மாட்டா, அதுதான் ஆபத்து.

வேலந்தாவளம், நர்சிங் டியூட்டர்:
இப்படி அவமானப்படுத்துகிறவர் மேல் புகார் எழுதும்போது ‘அவங்க மோசம்’ என்றால் நிற்காது. தேதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, கேட்டவர் யார், எந்த வேலை தடைப்பட்டது என்று அன்றைக்கே குறித்து வையுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் 2013 சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தூக்கமே வராமல், ட்யூட்டி என்றாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் 14416 டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.