புதுப்பிப்பு: பெயர் ஓரெழுத்து மாறியதால் நின்ற குடும்ப ஓய்வூதியம் வந்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: கார்கிலில் என்னோடு இருந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் நண்பர் இறந்துவிட்டார். பென்னாகரம் பக்கம் இருக்கும் அவர் மனைவியின் பெயர், நண்பர் படையிலிருந்து விடுபட்டபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் "அம்மா" என்று முடிகிறது, ஆதாரில் "அம்மாள்". அந்த ஓரெழுத்தால் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது.

ஆதாரைத் திருத்தச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அது வேண்டியிருக்கவில்லை. வேலை செய்தது இங்கே பதில் போட்ட சுபேதார் ஐயா சொன்ன வழி. இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, தர்மபுரி முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெஜிமெண்டின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பினோம். அங்கே பெயரைத் திருத்தியதும் ஸ்பர்ஷில் (படைத்துறை ஓய்வூதிய இணையதளம்) விண்ணப்பம் தானாக நகர்ந்தது. நிலுவையும் சேர்த்தே வந்தது.

எதிர்பாராத சிக்கல், ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் உயிர்ச்சான்றில் வந்தது. அண்ணி (நண்பரின் மனைவி) வருடக்கணக்காகப் புளி தட்டிக் கொட்டை எடுப்பவர். விரல் ரேகை தேய்ந்து கருவியில் பதியவே இல்லை. "என் கை பொய் சொல்லுதா தம்பி?" என்று கேட்டார். அப்புறம் என் போனிலேயே, உயிர்ச்சான்றை இணையத்தில் கொடுக்கும் ஜீவன் பிரமாண் வழியாக முக அடையாளம் எடுத்தோம், இரண்டாவது தடவையில் முடிந்தது. வெயிலுக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள், முகம் இருட்டாக விழுகிறது.

இன்னொன்று: முதல் 7 ஆண்டுக்கு, அல்லது இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, எது முந்தியதோ அதுவரை குடும்ப ஓய்வூதியம் உயர்த்திய விகிதத்தில் உண்டு. ஓய்வூதிய ஆணையில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.