ஆஃபரும் வேண்டும், குப்பையும் சேரக் கூடாது: நடக்கிற காரியமா?

வைகைக்கரை_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், ஏழாவது படிக்கும் மகள், ஒன்றாவது போகும் மகன் என்று வீட்டில் 5 பேர். மளிகை, காய்கறி, சோப்பு சாமான் எல்லாம் சேர்த்து மாதம் 14,000 ரூபாய்க்குள் முடித்தாக வேண்டும், அதனால் ஆஃபர் என்றால் நான் விடுவதே இல்லை, பேப்பருக்குள் வைத்து வரும் சூப்பர் மார்க்கெட் நோட்டீஸைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கிற ஆள்.

போன மாதம் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு வாரம் வீட்டுக் குப்பையில் என்னென்ன கவர் விழுகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு வர வேண்டும். பின்கட்டில் பேப்பரை விரித்து உட்கார்ந்து எண்ணினாள். பால் கவர் 14, அது சரி, தினம் 2 பாக்கெட் வாங்குகிறோம். அது போக 61! பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு சாஷே, ஆன்லைனில் வந்த குமிழ் கவர், அப்புறம் ஏதோ ஒரு தூளுக்கு இலவசமாக வந்த பிளாஸ்டிக் டப்பாவைச் சுற்றி ஒரு கவர். "டப்பாவே ஃப்ரீ, அதுக்கு எதுக்கும்மா சட்டை?" என்று கேட்டாள். மாமியார் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அன்றைக்கே பரணை இறக்கிப் பார்த்தேன். ஒன்று வாங்கினால் ஒன்று என்று வாங்கிய நூடுல்ஸில் 4 பாக்கெட் தேதி முடிந்து கிடக்கிறது. பாத்திரம் துலக்கும் திரவம் 6 பாட்டில். நான் மிச்சம் பிடித்த லட்சணம் இது.

சரி, இனி ஒழுங்காக வாங்குவோம் என்று இயற்கை அங்காடி ஒன்றுக்குப் போனேன். துவரம் பருப்பு நான் வழக்கமாக வாங்கும் விலையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூங்கில் பிரஷ் ஒன்று 90 ரூபாய், ஆளுக்கு ஒன்று என்றால் 450. வெறும் பையோடு திரும்பி வந்தேன். பூமியைக் காப்பாற்றுவதெல்லாம் வசதி உள்ளவர்கள் செய்கிற வேலைதானா? உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

செக்கடித்தெரு:

முதலில் அந்த அங்காடிப் பக்கம் போவதை நிறுத்துங்கள் சகோதரி. இருக்கிற பிரஷ் தேயட்டும். பல்லுக்கு ஓய்ந்ததும் குழாய் இடுக்கு தேய்க்க, அப்புறம் தையல் மெஷினில் பஞ்சு எடுக்க என்று இன்னும் இரண்டு வேலை பார்க்கும்.

நீங்கள் மதுரை, உங்களுக்கு என்ன குறை? கீழமாசி வீதி இருக்கிறது. பருப்பு, மிளகாய், மல்லி, புளி எல்லாம் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துப் போடுகிற கடைகள். நாங்கள் 3 குடும்பம் சேர்ந்து மாதம் ஒரு முறை இப்படித்தான் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம், சூப்பர் மார்க்கெட் ஆஃபரை விடக் குறைவாகவே அடக்கம் ஆகிறது. எண்ணெய், நெய்க்குத் தூக்குச்சட்டி கொண்டுபோனால் தராசில் முதலில் காலிச் சட்டியை வைத்துச் சுழியம் ஆக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். துணிப்பை புதிதாக வாங்கவே வேண்டாம், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை எல்லா வீட்டிலும் 20 கிடக்கும். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்ததே, நம் வீட்டில் அது எப்போது போனது, மீண்டு வர?

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999 நவம்பரில் முதல் சந்தையைத் திறந்ததே உங்கள் ஊர் அண்ணா நகரில்தான். விலைப் பலகையில் அன்றன்றைய விலை எழுதியிருக்கும், பேரம் பேசித் தொண்டை வற்ற வேண்டியதில்லை. ரேஷன் கடையை மறந்துவிடாதீர்கள். அரிசி, சர்க்கரை எல்லாம் நாம் கொண்டுபோகும் பையில்தான் விழுகிறது, இதை விடப் பசுமையான கடை ஊரில் எங்கே இருக்கிறது?

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன், செக்கு எண்ணெய். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். அன்றைய பருப்பு விலையைப் போட்டு, திரும்பி வரும் புண்ணாக்கின் விலையைக் கழித்து, ஆட்டுக்கூலியைக் கூட்டிப் பாருங்கள். அதற்கும் கீழே 'மரச்செக்கு எண்ணெய் ஆஃபர்' என்று யாராவது விற்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. நான் ஒரு முறை ஏமாந்து, அந்த எண்ணெயில் போட்ட எலுமிச்சை ஊறுகாயையும் சேர்த்துக் கொட்டினேன். சொந்தமாக ஆட்டினாலும் பெரிதாக லாபம் கிடையாது. எண்ணெயைக் குறைவாகச் செலவழிப்பதுதான் லாபம்.

குப்பைக்கு என் கணக்கு ஒன்றுதான்: இதைக் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து எடுப்பாரா? பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் எடைக்கு எடுக்கிறார். அட்டை, கண்ணாடி, டின், கெட்டி பாட்டில் எடுக்கிறார். சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டினால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அவர் தொடாத பொருளை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் நான் யோசித்துத்தான் எடுப்பேன்.

கணக்குப்பிள்ளை_67:

அம்மணி, ஓய்வு பெற்றவன், பொழுது போகாமல் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடைக்கு எவ்வளவு என்று பார்த்து வாங்கு, பெரிய பாக்கெட்தான் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். ஷாம்பு விஷயத்தில் அது தலைகீழ். ஒரே கம்பெனி ஷாம்புவை எடுத்து, பாட்டிலில் ஒரு மில்லி என்ன விலை, சாஷேயில் ஒரு மில்லி என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சாஷேதான் மலிவாக வரும். சாஷேயைப் பிரபலமாக்கியதே நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன்தான், ஏழை எளியவர்களும் வாங்கட்டும் என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் குட்டிக் கவர் பல அடுக்கு ஒட்டியது, மேலே சொன்ன காயலான் கடைச் சோதனையில் தேறாது. ஆக ஷாம்புவில் மலிவும் சுத்தமும் ஒன்றாகக் கிடைக்கவே கிடைக்காது, ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் சீயக்காய், வெந்தயம், பச்சைப்பயறு, பூந்திக்கொட்டை வாங்கி மில்லில் அரைத்து வைத்துக்கொள்கிறோம். பேத்தி மட்டும் வாசனை வரவில்லை என்று முகம் சுளிப்பாள், அவளுக்கு ஒரு பாட்டில்.

ஆனால் கவர் கவராக எண்ணி மண்டை காய்வதை விட மேலே அண்ணாந்து ஃபேனைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்று இப்போது வருகிற, கரண்ட் குறைவாக இழுக்கும் ஃபேன் 30 வாட் வாக்கில். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம், 3 ஃபேனுக்கு 97. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே ரீடிங், 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். நாங்கள் வெயில் காலத்தில் 560, 570 என்று போய்க்கொண்டிருந்தோம், ஃபேன் மாற்றியதும் 480-க்குள் நிற்கிறது. ஆடித் தள்ளுபடி என்றால் சேலைக் கடைக்கு ஓடாமல் இதற்கு ஓடுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம், அதிக நேரம் ஓடுகிற ஹால் ஃபேனை முதலில்.

இரண்டாம்_ஷிஃப்ட்:

எல்லோரும் நல்லதைத்தான் சொல்கிறீர்கள், ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சீயக்காய் அரைப்பது யார்? பால் கவர் கழுவுவது யார்? கீழமாசி வீதியில் பஸ் பிடித்து 12 கிலோ சுமந்து வருவது யார்? கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் வீட்டில் மில்லுக்குப் போவது நீங்களா, அம்மாவா?

நான் காலை 8 மணிக்குப் பஸ் ஏறி இரவு 7 மணிக்கு வீடு திரும்புகிறவள். குழந்தை பிறந்தபோது வேட்டித் துணியில் லங்கோடு கட்டு, டயப்பர் பாவம் என்று குடும்பமே பாடம் எடுத்தது. பாடம் எடுத்த ஒருத்தரும் ஒரு துணியை அலசவில்லை. கடைசியில் நானே முடிவு செய்தேன்: பகலில் துணி, இரவிலும் வெளியூர்ப் பயணத்திலும் டயப்பர், பகல் துணியைத் துவைப்பது கணவர். முதல் வாரம் வாளியைப் பார்த்து ஆள் வெளுத்துப்போனார், அப்புறம் பழகிவிட்டது. நாளைக்கு 6 டயப்பர் என்பது 2 ஆனது. பூஜ்யம் ஆகவில்லை, ஆகவும் வேண்டாம்.

தூக்குப்பைக்கெல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தடை. கையில் கவர் வைத்திருந்ததற்காகப் பூக்காரம்மா அபராதம் கட்டுகிறார். பக்கத்துக் கடையில் சிப்ஸ் சரம் சரமாகத் தொங்குகிறது. கம்பெனிக்காரன் செய்கிற குப்பைக்கு நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். வைகைக்கரை, உங்களுக்கு எது சுலபமோ அதில் இரண்டை மட்டும் எடுங்கள், அதில் ஒன்றைச் செய்கிறவர் நீங்களாக இருக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை_67:

மில்லுக்குப் போவது நான்தான் தாயே. காயவைப்பது அவள். பூந்திக்கொட்டையில் விதை எடுக்கிற வேலையில் மட்டும் இன்னும் தகராறு.

குன்னூர்_குளிர்:

எங்கள் நீலகிரியில் 2022-லேயே டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று கொண்டுவந்துவிட்டார்கள். குடிகாரருக்குக் கிடைக்கிற சலுகை குடும்பத்துக்கு இல்லை. ஷாம்பு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கொடுத்துப் பார்க்கட்டும், ஒன்றாவது ஓடையில் கிடக்கிறதா என்று பார்ப்போம்.

காதர்பேட்டை_பக்கம்:

திருப்பூரில் இருந்து எழுதுகிறேன். துணியைப் பற்றி யாரும் பேசவில்லையே, குடும்பச் செலவில் அதுவும்தானே பெரிது.

99 ரூபாய் டி-ஷர்ட் 3 எடுத்தால் 1 இலவசம் என்று போர்டு பார்த்திருப்பீர்கள். நான் தையல் லைனில் 11 வருடம் நின்றவன். அந்த விலைக்குக் கொடுக்க வேண்டுமானால் துணியின் கனத்தில், நூலில், சாயத்தில் கை வைக்காமல் முடியாது. இரண்டாவது துவைப்பில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு தொப்புளுக்கு வந்துவிடும். அந்தச் சாயத்துக்கு எங்கள் ஊர் கொடுத்த விலை தனி. நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுவட்டார விவசாயம் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்று ஆனது. அப்படிச் சுத்திகரிக்கச் செலவாகும், அது துணி விலையில் ஏறத்தான் செய்யும். எந்தச் செலவும் இல்லாத விலையில் துணி கிடைத்தால் எங்கேயோ தண்ணீர் நிறம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக விலை உயர்ந்த ஆர்கானிக் பிராண்டுக்குப் போகச் சொல்லவில்லை. எங்கள் காதர்பேட்டையில் சர்ப்ளஸ் கிடைக்கும், ஆர்டர் போக மிஞ்சிய சரக்கு, நல்ல துணி. அதோடு செகண்ட்ஸும் கலந்து கிடக்கும், அது தரத்தில் கழித்தது. எடுக்கும்போது கழுத்துப் பட்டியை இழுத்து விட்டுப் பாருங்கள், பழையபடி சுருங்க வேண்டும். உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையல் நேராக இறங்குகிறதா பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உங்கள் விரல் தெளிவாகத் தெரியக் கூடாது. ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று எழுதியிருந்தால், 180 வாக்கில் இருப்பதை எடுங்கள். 250 ரூபாய் கொடுத்தாலும் மகளுக்குப் பிறகு மகனுக்கு, மகனுக்குப் பிறகு வண்டி துடைக்க என்று 5, 6 வருடம் ஓடும்.

பழைய பட்டு ஜரிகைச் சேலையைக் கொடுத்துப் பாத்திரம் வாங்குகிற பழக்கம் இருந்தால் பார்த்துக் கொடுங்கள், அதில் நமக்குத்தான் நஷ்டம்.

வைகைக்கரை_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்துத்தான் எழுத முடிந்தது.

இரண்டாம்_ஷிஃப்ட் அக்கா சொன்னபடி இரண்டை மட்டும் எடுத்தோம். பருப்பு வகையறாவுக்குக் கீழமாசி வீதி, போகிறவர் கணவர், ஸ்கூட்டரில். முதல் தடவை காலி டப்பா கொண்டுபோக வெட்கப்பட்டு, கடைக்குப் பத்தடி தள்ளியே வண்டியை நிறுத்தியிருக்கிறார். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா காலத்துல எல்லாரும் இப்படித்தான் சார் வருவாங்க" என்று சொல்லி ஒரு கை மிளகாய் கூடப் போட்டாராம், வீட்டுக்கு வந்து அதையே நாலு தடவை சொன்னார். இரண்டாவது, பரணில் இருப்பது தீரும் வரை சோப்பு சாமான் எதுவும் புதிதாக வாங்குவதில்லை. நோட்டீஸ் இன்னும் ஒட்டுகிறேன், மாறவில்லை. ஆனால் பக்கத்தில் பரண் கையிருப்புப் பட்டியலையும் மகள் ஒட்டிவிட்டாள். நோட்டீஸைப் பார்க்கும்போதெல்லாம் அதுவும் கண்ணில் படுகிறது. ஃபேன் ஆடிக்குத்தான்.

இந்த மாதம் மளிகையில் 1,100 ரூபாய் குறைந்திருக்கிறது. மகள் திரும்ப எண்ணினாள். பால் கவர் போக 37. அதில் 20 என் மகனுடைய பிஸ்கட்டும் சிப்ஸும். தட்டை, முறுக்கு சுட்டு வைத்தால் குறையும் என்கிறார் மாமியார், சுடுவது யார் என்று அக்கா மாதிரியே கேட்டுவிட்டேன். தானே சுடுகிறேன் என்று அரிசி ஊறப் போட்டிருக்கிறார்.

பாத்திரத் திரவம் 6 பாட்டிலும் எங்களுக்கு ஒரு வருடம் வரும் போலிருக்கிறது. அண்ணா நகர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், 3 பாட்டில் தருகிறேன். அந்த ஃப்ரீ டப்பாவையும் எடுத்துக்கொள்ளலாம், சட்டை கழற்றியாகிவிட்டது.