விவாதம்: நடவுக்கு வரும் வடமாநிலத்தாரும் டெல்டாவின் பன்மைப் பண்பாடும்

குடமுருட்டி எழுதியது:

எங்கள் ஊரில் இந்தக் குறுவைக்கு வெளிமாநில ஆட்களை நடவுக்கு இறக்கக் கூடாது என்று கிராமசபையில் தீர்மானம் கொண்டுவரச் சிலர் முயன்று வருகிறார்கள். கூலிப் பிரச்சினையாகத் தொடங்கிய பேச்சு, அவர்களுடைய மொழி வேறு, சாப்பாடு வேறு, இப்படியே போனால் நம் பண்பாடு என்னாவது என்கிற இடத்தில் வந்து நிற்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

காவிரிப் படுகையில் இருந்துகொண்டு இப்படிப் பேசுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்டவர்கள் மராத்தியர்கள். அவர்களுக்கு முன் ஆண்ட நாயக்கர்களின் அரசவை மொழி தெலுங்கு. இரகுநாத நாயக்கர் 1620இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தார். 1706இல் அதே கரையில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழைக் கற்று, பத்தாண்டுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிவிட்டார். நாகூர் தர்காவின் மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் பிரதாப சிங் என்கிற மராத்திய மன்னர். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில், மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வந்தவர்கள் அனைவரும் நம்மிடம் எதையோ விட்டுச் சென்றார்கள்; பலர் போகவே இல்லை. கும்பகோணத்தின் பட்டுத் தறிகளில் பாதிக் கதை சௌராஷ்டிரர்களுடையது. இத்தனை பேரைத் தாங்கிய மண், நாற்று நட வரும் வங்காளத்து இளைஞர்களைத் தாங்காதா?

கடைமடை எழுதியது:

குடமுருட்டி ஐயாவின் பட்டியலில் இருப்பவர்கள் யார் யார் என்று பார்த்தால், அரசர்கள், வணிகக் குழுமத்தார், பாதிரிமார், அரசவையின் ஆதரவு பெற்ற கலைஞர்கள். அவர்கள் படையோடோ பணத்தோடோ வந்தார்கள். அவர்கள் வந்ததால் யாருடைய அன்றைய கூலி பறிபோனது என்று எந்த ஆவணத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று நடவுக்கு வருகிறவர்கள் ஏஜென்ட் மூலம் வருகிறார்கள். நாற்றுப் பறிப்பும் நடவும் சேர்த்து ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, விடிவதற்கு முன்பே வயலில் இறங்கிவிடுகிறார்கள். அந்த வேலையை இழப்பவர்கள் நம் ஊர்ப் பெண்கள்.

இந்த மண்ணுக்கு ‘வெளி ஆள்’ என்பது புதிய சொல் என்று நினைப்பவர்கள் கீழத்தஞ்சையின் வரலாற்றைக் கொஞ்சம் படிக்க வேண்டும். 1960களில் கூலி உயர்வு கேட்ட உள்ளூர்த் தொழிலாளர்களைப் பணியவைக்க, அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்குவதைப் பெருநிலக்காரர்களான மிராசுதார்கள் ஓர் ஆயுதமாகவே வைத்திருந்தார்கள். அந்தக் கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான், 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அன்று இறக்கப்பட்டவர்களும் ஏழைகள்தான், தமிழர்கள்தான். ஆகவே என் எதிர்ப்பை மொழி வெறுப்பு என்று எழுதித் தள்ளிவிட வேண்டாம். பண்பாட்டுப் பன்மை என்கிற அழகான பெயரில், கூலியைக் குறைப்பதற்கான பழைய வழி மறுபடியும் நுழைகிறது என்பதே என் கருத்து.

பண்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தியாகராசர் திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடினார். அவருடைய மேதைமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதே டெல்டாவில், அவருக்கும் முன்பே சீர்காழியில் முத்துத்தாண்டவர் தமிழில் கீர்த்தனைகள் எழுதியிருந்தும், தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக, அதாவது சிறு உருப்படியாகத்தான் இடம் பெற்றது. அதை மாற்ற 1940களில் தமிழிசை இயக்கம் என்று ஓர் இயக்கமே தேவைப்பட்டது. பல மொழிகள் ஓரிடத்தில் கூடும்போது அதிகாரம் உள்ள மொழி முன்வரிசையில் உட்காரும் என்பதை மறந்துவிட்டுப் பன்மையைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சில்லடிக்கரை எழுதியது:

நான் நாகூரைச் சேர்ந்தவன். மினாராவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். தர்கா வாசலில் சிறு தகடுகள் விற்பார்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு கண், ஒரு கால், ஒரு படகு, ஒரு வீடு என்று உருவம் அடித்திருக்கும். எந்த உறுப்பில் நோயோ, எந்தக் காரியத்தில் தடையோ அந்த உருவத்தை வாங்கிக் காணிக்கையாகச் செலுத்துவார்கள். வாங்குகிறவர்களில் நெற்றியில் விபூதி இட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. மொட்டை போட்டுக்கொள்கிறவர்களும் அப்படித்தான். தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரியின் கொடியேற்றத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து அலங்கரித்த இரதங்களில் கொடி ஊர்வலமாக வரும்போது தெருவின் இருபுறமும் நிற்பது எல்லா மதத்தாரும்தான்.

இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு அடுத்த வரியையும் எழுதாவிட்டால் அது பாதி உண்மைதான். அதே தர்காவில் மொட்டை போட்டுக்கொண்ட ஒருவரிடம் நகரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனேன். என் பெயரைக் கேட்ட பிறகு, வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது என்றார். என் சமூகத்திலும், வேறு தெருவைச் சேர்ந்த தலித் குடும்பத்துக்கு வீடு கொடுக்க யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாள்களில் இறந்தவர் எந்த மதம் என்று பாராமல் புதைக்க தர்கா இடம் கொடுத்தது. அதே நாள்களில் நிவாரண முகாம்களில் தலித்துகளுக்கும் இருளருக்கும் தண்ணீரிலும் உணவிலும் பாகுபாடு காட்டப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. இரண்டும் நடந்தன. திருவிழாவில் கலப்பது எளிது, அதற்குச் செலவில்லை. வாடகையிலும் தண்ணீர்க் குழாயிலும் கலக்கச் சொன்னால்தான் ஊரின் உண்மையான குணம் வெளிவருகிறது. வங்காளத்துப் பையன்கள் இப்போது எங்கே தூங்குகிறார்கள் என்று இருவரும் எழுதவில்லையே. நான் பார்த்த இடத்தில் பம்புசெட் கொட்டகையில், உர மூட்டைகளுக்கு நடுவே.

குடமுருட்டி எழுதியது:

கடைமடை அவர்கள் கீழ்வெண்மணியைக் கொண்டுவந்தது பொருத்தமே. ஆனால் அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களின் கோரிக்கை கூலி பற்றியது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். கூலி ஒரே அளவில் இருந்தால், வெளி ஆளை இறக்குகிறவருக்குக் கிடைக்கும் ஆதாயம் தானாகவே போய்விடும். மாநிலம் விட்டு மாநிலம் அழைத்துவரப்படும் தொழிலாளருக்காக 1979இல் இயற்றப்பட்ட சட்டமே, அதே வேலையைச் செய்யும் உள்ளூர் ஆளுக்குக் கொடுக்கும் கூலியை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று வகுத்தது. அதைக் கேட்காமல் ஆளையே வரவிடாதே என்பது, தவறு செய்கிறவரை விட்டுவிட்டு அகப்பட்டவரைப் பிடிப்பதாகும்.

தமிழிசை பற்றியும் மறுக்கிறேன். இழந்த இடத்தைத் தமிழுக்கு மீட்டுத் தரப் பாடுபட்டவர்களில் முன்னவர் யார்? ஆபிரகாம் பண்டிதர். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையிலிருந்து தஞ்சைக்கு வந்து குடியேறிய கிறித்தவர். சித்த மருத்துவத்தில் சம்பாதித்த பணத்தை இசை மாநாடுகளில் செலவழித்து, சிலப்பதிகாரத்திலிருந்து பழந்தமிழ் இசைப் பண்களை ஆராய்ந்து 1917இல் கருணாமிர்த சாகரம் என்கிற இசை நூலை வெளியிட்டார். வெளியிலிருந்து வந்தவர், வேறு மதத்தவர், அவர்தான் நம் பண்களை நமக்கு நினைவூட்டினார். பன்மை தமிழை நசுக்கியது என்று சொல்பவர்கள் இவரை எந்தப் பக்கத்தில் வைப்பார்கள்?

பாமணி எழுதியது:

என் அம்மா நடவு வேலைக்குப் போனவர் என்பதால் சொல்கிறேன். இந்த இழையில் இதுவரை நடவு நட்டவர் யாரும் பேசவில்லை என்று தோன்றுகிறது. உள்ளூரில் ஆளே கிடைப்பதில்லை, எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள் என்பது நிலம் வைத்திருப்பவர்கள் பேச்சு. குனிந்து நட்டு இடுப்பு போன பெண்கள், தங்கள் மகளை அந்த வேலைக்கு அனுப்பாமல் கல்லூரிக்கு அனுப்பினார்கள் என்பதுதான் எங்கள் தெருவில் நடந்தது. அப்படி வெற்றிடமான வரிசையில்தான் வெளிமாநிலத்தார் வந்து நிற்கிறார்கள். இதைப் படையெடுப்பு என்பதும் மிகை, பண்பாட்டுச் சங்கமம் என்பதும் மிகை.

ஆனால் இன்னும் அதே வேலையை நம்பியிருக்கும் ஐம்பது வயதுப் பெண்கள் ஒவ்வோர் ஊரிலும் மிஞ்சியிருக்கிறார்கள். முன்பு நாள் கூலி. இப்போது ஏக்கர் பேச்சு. ஏக்கர் பேச்சில் வேகம்தான் காசு, அவர்களால் இருபது வயதுப் பையனோடு ஓட முடியாது. குடமுருட்டி ஐயா சொல்லும் சமகூலி ஏக்கர் கணக்கில் சமமாகத்தான் இருக்கும். நாளின் முடிவில் கையில் கிடைப்பது சமமாக இருக்காது. இதற்கு ஆபிரகாம் பண்டிதரிடம் விடை இல்லை.

கடைமடை எழுதியது:

பாமணி அவர்கள் சொன்னதைத்தான் நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தீர்மானத்தில் மொழியையும் சாப்பாட்டையும் பற்றிய வரிகளை எடுத்துவிட எனக்குச் சம்மதம். அவை இருந்தால் நாளை சில்லடிக்கரை தம்பிக்கு வீடு மறுத்தவருக்கும் அவை பயன்படும். ஆனால், பெயர் கொடுத்த உள்ளூர்ப் பெண்களுக்கு நாள் கூலியில் வேலை கொடுத்த பிறகே வெளி ஆள்களை இறக்க வேண்டும் என்கிற வரி இருந்தாக வேண்டும்.

குடமுருட்டி எழுதியது:

அந்த வரிக்குக் கிராமசபையில் நான் எதிராகவே கை தூக்குவேன். முறை வைத்து ஆள் எடுத்தால் நாற்று முற்றிவிடும். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடைக்கு வந்து சேரும் நாளில் நடவுக்கு யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் இறங்க முடியும். வரும் ஆள்களுக்குத் தங்க இடமும் குளிக்கத் தண்ணீரும் நிலத்துக்காரர் பொறுப்பு என்று தனியாக ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

பாமணி எழுதியது:

இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் கையெழுத்துப் போடுவீர்களா, ஐயா?