புதுப்பிப்பு: கடைசியில் எந்த லேப்டாப் வாங்கினேன்

போன மாதம் கேட்டிருந்தேனே, பழைய லேப்டாப்பில் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் இல்லாததால் விண்டோஸ் 11 ஏறவில்லை, புதுசுக்கு மேக்கா, விண்டோஸா, இலவச இயங்குதளமான உபுண்டுவா என்று. விண்டோஸே வாங்கிவிட்டேன். காரணம் டாலி என்கிற கணக்கு மென்பொருள்தான். கடைக் கணக்கு முழுக்க அதில் இருக்கிறது, மேக்கில் நேரடியாக ஓடாது. "மேக்கிலேயே பூட் கேம்ப்பில் விண்டோஸ் போட்டுக்கலாமே" என்றவருக்கு: அந்த வசதி இன்டெல் சிப் உள்ள மேக்கோடு போச்சுங்க, ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 முதல் கிடையாது.

பழசைத் தூக்கிப் போடவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டதே, அதனால் அதில் உபுண்டு. முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். வைஃபை உடனே பிடித்தது. ஐபஸ் என்கிற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும் வந்துவிட்டது. பிரின்டர்தான் இன்னும் முறைத்துக்கொண்டு நிற்கிறது. மகளோ அந்த லேப்டாப்பைக் கையைவிட்டு இறக்குவதாயில்லை.